ஆற்காட்டிலிருந்து போலந்துக்கு: போலிஷ் மொழியை எங்கே தொடங்குவது?

வாசகர் கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 26 வயது. ஆற்காடு பக்கத்தில் ஒரு கிராமம். ஐ.டி.ஐ.யில் வெல்டர் டிரேடு முடித்துவிட்டு ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். போலந்தில் ‘க்டான்ஸ்க்’ என்ற ஊரில், கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டர் வேலைக்கு ஆஃபர் வந்திருக்கிறது. இன்னும் ஐந்து மாதத்தில் கிளம்ப வேண்டும். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம்தான். இங்கிலீஷே தட்டுத்தடுமாறித்தான் வரும். “முதல்ல ஸ்போக்கன் இங்கிலீஷ் படி, போலிஷ் அப்புறம் பாத்துக்கலாம்” என்கிறார்கள். செல்போன் ஆப்பில் ஒரு வாரம் பார்த்தேன், எழுத்தைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. ஏழு வேற்றுமை வேறு இருக்கிறதாம். நம்மால் ஆகுமா? எதிலிருந்து ஆரம்பிப்பது? அனுப்பி வைக்கிற ஏஜென்ட் ‘போலிஷ் சர்டிபிகேட் கோர்ஸ்’ என்று தனியாகப் பணம் கேட்கிறார். கட்டலாமா?

பதில்:

தம்பி, ஏஜென்ட் விஷயத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். முதலில் இங்கிலீஷ், அப்புறம் போலிஷ் என்கிற யோசனையை இன்றோடு விடுங்கள். கப்பல் தளத்தில் உங்களுக்குப் பக்கத்தில் நின்று பத்த வைக்கப் போகிறவர் ஐம்பது வயதுப் போலந்துக்காரராக இருக்கலாம், உக்ரைனிலிருந்து வந்தவராக இருக்கலாம். உங்கள் இங்கிலீஷ் எவ்வளவு தேறினாலும் அவருக்கு அது தெரிய வேண்டுமே! ஐந்து மாதத்தை இரண்டு மொழிக்குப் பங்கு போட்டால் இரண்டும் கைக்கு வராது. இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. போலிஷ் கற்கிறவனுக்கு இங்கிலீஷ் கைவிடுகிற பல இடங்களில் தமிழ் கைகொடுக்கிறது. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன்.

அதற்குமுன் கணக்கு ஒன்று. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுத்தர ஒரு பயிற்சி நிறுவனம் வைத்திருக்கிறது. இங்கிலீஷ் தாய்மொழிக்காரர் போலிஷில் வேலை செய்யும் அளவுக்குத் தேற, சுமார் 1,100 வகுப்பு மணி நேரம் ஆகும் என்பது அவர்கள் கணிப்பு. நீங்கள் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினாலும் ஐந்து மாதத்தில் 150 மணிதான் வரும். அதில் சரளமாகப் பேச முடியாது. ஆனால் போர்டு படிக்கலாம், கடையில் வாங்கலாம், மேஸ்திரி சொல்வதில் முக்கியமான சொல்லைப் பிடிக்கலாம், புரியாததைத் திருப்பிக் கேட்கலாம். புறப்படும்போது இவ்வளவு கையில் இருந்தால் போதும். மிச்சத்தை அங்கே போய்ப் பிடித்துக்கொள்ளலாம்.

இப்போது எழுத்து. போலிஷில் 32 எழுத்து. எல்லாம் நாம் இங்கிலீஷில் பார்த்த எழுத்துதான். ஒன்பது எழுத்துக்கு மட்டும் மேலே கோடு, புள்ளி, கீழே வால், குறுக்கே கோடு என்று ஏதாவது ஓர் அடையாளம் இருக்கும். உங்களைச் சுற்ற வைத்தது அந்த ஒன்பது மட்டுமல்ல. பழகிய எழுத்தை இங்கிலீஷ் கணக்கில் வாசித்ததுதான் பாதித் தொல்லை. ‘டபிள்யூ’ அங்கே ‘வ’. ‘ஜே’ அங்கே ‘ய’. ‘சி’ வந்தால் ‘த்ஸ’. குறுக்குக் கோடு போட்ட ‘எல்’, லகரமே கிடையாது. உதட்டைக் குவித்து, இங்கிலீஷ்காரர் ‘வாட்டர்’ என்பதில் தொடங்குகிறாரே, அந்த ஒலி. போலந்தின் பெரிய நகரங்களில் ஒன்றை வரைபடத்தில் பாருங்கள். குறுக்குக் கோடு போட்ட ‘எல்’, மேல்கோடு போட்ட ‘ஓ’, அப்புறம் ‘டி’, மேல்கோடு போட்ட ‘இசட்’ என்று நாலே எழுத்து. நாம் ‘லோட்ஸ்’ என்று வாசிப்போம். அந்த ஊர்க்காரர் சொல்வது ‘வூச்’.

கேட்டால் அநியாயமாகத் தோன்றும். ஆனால் இங்கிலீஷைப் போல ஒரே எழுத்தை ஊருக்கொரு விதமாக வாசிக்கிற வேலை போலிஷில் அனேகமாக இல்லை. எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று ஒரு முறை பிடித்துவிட்டால், பொருள் தெரியாத சொல்லையும் சரியாக வாசித்துவிடலாம், நம் தமிழ்ப் பேப்பரை வாசிப்பதுபோல. அதனால் முதல் மூன்று வாரம் இலக்கணப் பக்கமே போகாதீர்கள். எழுத்தும் ஒலியும் மட்டும். சலிப்பாக இருக்கும், இருக்கட்டும். அவசரப்பட்டு வாக்கியத்துக்குத் தாவிய மாணவர்கள் ஒரு வருஷம் கழித்தும் தப்பான ஒலியைச் சுமந்துகொண்டு திரிவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒலியில் தமிழ் எங்கே உதவுகிறது? போலிஷில் ‘டி’, ‘டீ’ என்ற இரண்டு எழுத்தையும் நாக்கு நுனி பல்லைத் தொட்டுச் சொல்வார்கள். அதாவது நம் ‘த’. இங்கிலீஷ் பழக்கத்தில் ‘டொப்ரி’ என்று சொல்லாதீர்கள், ‘தொப்ரி’ என்றால் அப்படியே பொருந்தும். ககரம், பகரத்தில் இங்கிலீஷ்காரர் விடுகிற காற்று போலிஷில் கிடையாது, நமக்கும் கிடையாது. ரகரம் நம்முடையதேதான். மேல்கோடு போட்ட ‘என்’ என்பது நம் ‘ஞ்’. இங்கிலீஷ் மூலம் படிக்கிறவருக்கு அதை விளக்கவே ஒரு பக்கம் ஆகும். உங்களுக்கு அரை நொடி. நீங்கள் போகிற ஊரின் பெயர்கூட ‘க்தாஞ்ஸ்க்’. ‘இல்லை’ என்பதற்கு ‘ஞெ’. பகல் வணக்கத்துக்கு ‘ஜெஞ் தொப்ரி’. கடைசியில் இருக்கும் அந்த ‘ரி’ முழு இகரம் இல்லை. ‘அது’ என்று பேச்சில் சொல்லும்போது கடைசியில் தேய்ந்து வருமே, அதற்கும் இகரத்துக்கும் நடுவே ஓர் ஒலி.

வால் போட்ட இரண்டு எழுத்தைப் பார்த்து எல்லாரும் பயப்படுவார்கள். மூக்கொலி என்று புத்தகத்தில் போட்டிருக்கும். வால் போட்ட ‘ஏ’ என்றால் ‘ஒ’வோடு மூக்கொலி, வால் போட்ட ‘ஈ’ என்றால் ‘எ’யோடு மூக்கொலி. அடுத்து வரும் எழுத்தைப் பொறுத்து அந்த மூக்கொலி மாறும். ககரம் வந்தால் ‘ங்’: கைக்கு ‘ரெங்கா’. சகரம் வந்தால் ‘ஞ்’: ஐந்துக்கு ‘பியெஞ்ச்’. தகரம் வந்தால் ‘ந்’: மாடிக்கு ‘பியெந்த்ரொ’. பகரம் வந்தால் ‘ம்’: பற்களுக்கு ‘ஸெம்பி’. ங்க, ஞ்ச, ந்த, ம்ப. ஒன்றாம் வகுப்பிலேயே நமக்கு இது முடிந்துபோன பாடம். சொல்லின் கடைசியில் வால் போட்ட ‘ஈ’ வந்தால் வெறும் ‘எ’ என்று விட்டாலும் குற்றமில்லை. நன்றி சொல்ல ‘ஜெங்குயெ’.

இனித் தமிழ் காலை வாருகிற இடங்கள். இவை மூன்று, மூன்றிலும் நேரம் செலவழியுங்கள்.

ஒன்று, க-வும் அதன் அதிர்வொலியும், அதாவது தொண்டை அதிரச் சொல்லும் ககரமும். நம் எழுத்தில் ‘க’ ஒன்றுதான், இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். போலிஷில் இரண்டும் தனித்தனி, மாற்றினால் பொருள் மாறும். கோழிக்கு ‘குரா’, மலைக்கும் ‘குரா’ என்றுதான் என்னால் இங்கே எழுத முடியும். முதலாவது ‘குடம்’ என்பதில் வரும் கு, இரண்டாவது ‘குருநாதர்’ என்று மேடையில் அழுத்திச் சொல்லும்போது வரும் கு. பகரம், தகரம் கதையும் இதுதான். ஆகவே நோட்டில் போலிஷைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். நான் இந்தப் பக்கத்தில் எழுதியிருப்பது அடையாளம் காட்டத்தான். ஒலியைக் காதால் வாங்குங்கள், எழுத்தைப் போலிஷ் எழுத்தாகவே எழுதுங்கள். ‘ஃபோர்வோ’ என்ற தளத்தில் ஒரு சொல்லைத் தட்டினால் அந்த நாட்டுக்காரர் குரலிலேயே கேட்கலாம்.

இரண்டாவது, வகரம். நம் ‘வ’ பல்லும் உதடும் லேசாகத் தொட்டும் தொடாமலும் வருவது. போலிஷில் பல்லை உதட்டில் உரசும் வ ஒன்று, உதட்டைக் குவிக்கும் வ ஒன்று. இரண்டும் ஒரே பெயரில் வேண்டுமென்றால் நீங்கள் போகிற ஊரிலேயே கிடைக்கிறது. 1980 ஆகஸ்டில் க்தாஞ்ஸ்க் கப்பல் தளத்தில் வேலை நிறுத்தத்தை முன்னின்று நடத்திய எலெக்ட்ரீஷியன், 1983-இல் நோபல் அமைதிப் பரிசு வாங்கி, பிறகு நாட்டின் அதிபராகவும் ஆனவர். நம் பேப்பர்களில் ‘லெக் வலேசா’ என்று வந்தார். உண்மையில் ‘லெஹ் வவென்ஸா’. முதல் வ பல்லில், இரண்டாவது வ உதட்டில். பத்து நாள் இந்த ஒரு பெயரைச் சொல்லிப் பழகினால் போதும். கூட வேலை செய்பவர்களிடமும் நல்ல பெயர் கிடைக்கும்.

மூன்றாவதுதான் கடினம்: ஷகரக் கூட்டம். போலிஷில் அது இரண்டு கட்சி. ஒன்று நாக்கை மேலே தூக்கிச் சொல்லும் கனமான ஷ, நம் ‘வருஷம்’ என்பதில் வருவது. இன்னொன்று நாக்கின் நடுப்பகுதியை மேலண்ணத்துக்குக் கொண்டுபோய், கொஞ்சம் சிரித்த வாயோடு சொல்லும் மெல்லிய ஷ. ‘தயவுசெய்து’ என்பதற்கு ‘ப்ரொஷெ’, கனமான ஷ. அதையே மெல்லிசாகச் சொன்னால் பன்றிக்குட்டி. சிரிப்பார்களே தவிர யாரும் கோபப்பட மாட்டார்கள். ச, ஜ ஒலிகளுக்கும் இதே மாதிரி கனம், மென்மை என இரண்டு வகை உண்டு. ஒரே நாளில் காது பிரித்துவிடாது. மாதக்கணக்கில் கேட்கக் கேட்கத்தான் வரும், அதுவரை கவலைப்படாமல் பேசுங்கள்.

இதோடு ‘ஸ’வின் அதிர்வொலி ஒன்று, தொண்டையில் உரசும் ‘ஹ’ ஒன்று. இவை இரண்டும் தமிழில் இல்லை. ஆனால் நம் மாவட்டத்துக்காரருக்கு இதில் சலுகை உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்து நண்பர் யாராவது உங்கள் ஷாப்பில் இருப்பார். வீட்டில் உருது பேசுகிறவராக இருந்தால் ‘ஜமீன்’, ‘கபர்’ என்று அவர் வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அந்த முதல் ஒலிகள்தான் உங்களுக்கு வேண்டியவை. காசு கொடுத்து எந்த கோர்ஸிலும் இவ்வளவு பக்கத்தில் கிடைக்காது.

அழுத்தம் எங்கே விழும் என்பது ஒரே வரி: கடைசிக்கு முந்தின அசையில். விதிவிலக்குகள் இருக்கின்றன, இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

நாலாவது வாரம் வாக்கியம். பத்துப் பதினைந்து முழு வாக்கியத்தை உடைக்காமல் வாயில் ஏற்றுங்கள். ‘ஞெ ரொஸூமியெம்’, புரியவில்லை. ‘யெஷ்செ ராஸ்’, இன்னொரு தடவை. ‘வொல்ஞெய், ப்ரொஷெ’, கொஞ்சம் மெதுவாக. ‘ப்ஷெப்ராஷம்’, மன்னிக்கணும், வழி விடுங்க, ஒரு நிமிஷம் கேளுங்க எல்லாவற்றுக்கும். இவை எல்லாவற்றையும்விட விலை உயர்ந்தது ‘யாக் தொ ஷெ நஸிவா?’ அதாவது ‘இதுக்கு என்ன பேர்?’ ஒரு கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு இதைக் கேட்டால், எதிரில் நிற்கிற எவரும் உங்களுக்கு வாத்தியார். ‘யெஸ்தெம் ஸ்பவாச்செம்’, நான் வெல்டர்.

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் பாருங்கள். நான் என்ற சொல் அதில் இல்லை. வினையின் கடைசியிலேயே ‘நான்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது, ‘வரேன்’ என்றால் நான் என்று தெரிவதுபோல. இங்கிலீஷ் வழியில் வந்தவர்கள் எல்லா வாக்கியத்துக்கும் முன்னால் ‘யா, யா’ என்று நானைப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். உங்களுக்கு அந்த வியாதி வராது. அடுத்து, வெல்டருக்கு ‘ஸ்பவாச்’. வாக்கியத்தில் அது ‘ஸ்பவாச்செம்’ ஆகிவிட்டது. ‘வெல்டரா இருக்கேன்’ என்று நாம் சொல்லும் அந்த ‘ஆ’ அங்கேயும் ஒட்டியிருக்கிறது. வேற்றுமை என்று உங்களைப் பயமுறுத்தியது இதுதான்.

போலிஷில் ஏழு வேற்றுமை. தமிழில் எட்டு! நீங்கள் பள்ளியில் படித்ததை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். எழுவாய், ஐ, ஆல்-ஓடு, கு, இன், உடைய, இல், விளி. இதில் ஐந்தாம் வேற்றுமை, அதாவது ‘-இலிருந்து’, போலிஷில் தனியாக இல்லை. அந்த வேலையை ‘உடைய’ வேற்றுமையே ஒரு முன்சொல்லை வைத்துக்கொண்டு பார்த்துக்கொள்கிறது. மற்ற ஏழும் ஏறக்குறைய பொருந்தும். ‘வேற்றுமை என்றால் என்ன’ என்று இங்கிலீஷ்காரர் முதல் மாதம் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் இடத்தில் உங்களுக்குப் புரிய வேண்டியது எதுவும் இல்லை. உருபு மட்டும்தான் புதிது.

அந்த உருபு ஆளுக்கொரு வேஷம் போடும் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆற்காட்டில், ராணிப்பேட்டையில், வேலூரில் என்று நமக்கு எங்கே போனாலும் ‘இல்’. அங்கே க்தாஞ்ஸ்க் என்பது ‘வ் க்தாஞ்ஸ்கு’ ஆகும், வர்ஷாவா, அதாவது நாம் வார்சா என்கிற தலைநகரம், ‘வ் வர்ஷாவியெ’ ஆகும், நாம் பார்த்த வூச் ‘வ் வொஜி’ ஆகும். எல்லாவற்றுக்கும் அர்த்தம் ‘இல்’தான். ‘க்தாஞ்ஸ்கு’ என்று காதில் விழுந்ததும் நம் நான்காம் வேற்றுமை ‘கு’ என்று எண்ணிவிடாதீர்கள், அது ‘க்தாஞ்ஸ்கில்’. ‘க்தாஞ்ஸ்குக்கு’ என்றால் ‘தொ க்தாஞ்ஸ்கா’, ‘க்தாஞ்ஸ்கிலிருந்து’ என்றால் ‘ஸ் க்தாஞ்ஸ்கா’. பெயரின் உள்ளே எழுத்து மாறுகிறதே என்று குறைப்படவும் நமக்கு வாயில்லை. மரம் மரத்தில் ஆகிறது, வீடு வீட்டில் ஆகிறது, ஆறு ஆற்றில் ஆகிறது. வெளியூர்க்காரர் கேட்டால் நம்மால் உடனே காரணம் சொல்ல முடியுமா?

ஆகவே அட்டவணை போட்டு ஏழு வேற்றுமை, இரண்டு எண், மூன்று பால் என்று கட்டம் கட்டி நிரப்பாதீர்கள். மொழி கெட்டுப்போவது அந்தக் கட்டத்தில்தான் என்பது என் கட்சி. ஊர்ப் பெயரை ‘இல்’லோடு, கருவியை ‘ஐ’யோடு, ஆளை விளியோடு என்று ஜோடியாகவே படியுங்கள். முதல் ஐந்து மாதத்துக்கு ஐ, உடைய, இல் மூன்றும் தெரிந்தால் தாராளம். ‘உடைய’ ஏன் என்றால் இல்லை என்று சொல்லும்போது அது வரும். ‘மாம் ரெங்கவித்ஸெ’, கையுறை இருக்கிறது. ‘ஞெ மாம் ரெங்கவித்ஸ்’, கையுறை இல்லை. இரண்டாவது வாக்கியத்தை விமானம் ஏறும் முன்பே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

பால் வேறு விஷயம். நமக்கு ஆண், பெண் எல்லாம் உயர்திணைக்குத்தான். அங்கே மேசை ஆண், புத்தகம் பெண், ஜன்னல் அலி... அதாவது நடுப்பால். காரணம் கேட்காதீர்கள். மெய்யில் முடிந்தால் பெரும்பாலும் ஆண்பால், ஆ-வில் முடிந்தால் பெண்பால், ஒ-விலோ எ-யிலோ முடிந்தால் நடுப்பால். இதில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஒரு எச்சரிக்கை மட்டும். ‘செய்தேன்’ என்று நாம் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி சொல்கிறோம். போலிஷில் ஆண் ‘ரொபிவெம்’ என்பான், பெண் ‘ரொபிவம்’ என்பாள். யூடியூபில் பாடம் நடத்துவோரில் பெண்கள் அதிகம், நானும் பெண். என்னிடம் படிக்கிற பையன்கள் என்னைப் பார்த்து அப்படியே சொல்லிப் பழகி, பெண்பாலில் பேசிக்கொண்டு நிற்பார்கள். கேட்பதற்கு ஓர் ஆண் குரலையும் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

மரியாதைக்கு வருவோம். ‘நீ’ உண்டு. நம் ‘நீங்க’ இருக்கிற இடத்தில் ஆணுக்கு ‘பான்’, பெண்ணுக்கு ‘பானி’. கூடவே வினை படர்க்கையில் வரும். ‘சார் இங்கிலீஷ் பேசுவாரா?’ என்று சாரையே பார்த்துக் கேட்பதுபோல. நம் ஊரில் அப்படிக் கேட்பது சகஜம் என்பதால் இதில் ஒரு கஷ்டமும் வராது. கடைக்காரர், ஆபீஸ்காரர், வயதில் பெரியவர் எல்லாருக்கும் பான், பானி. ஷாப்பில் கூட வேலை செய்கிறவர்கள் சீக்கிரமே பெயர் சொல்லி ‘நீ’ போட ஆரம்பிப்பார்கள், ஆனால் பெரியவர் முதலில் சொல்லட்டும். பொறுப்பாளரைக் கூப்பிட ‘பாஞெ கியெரொவ்ஞிகு!’ வெறும் பெயர் ‘கியெரொவ்ஞிக்’, கூப்பிடும்போது கடைசியில் உகரம் நீளுகிறது. நம் விளி வேற்றுமைதான். மொழிபெயர்ப்பு ஆப்பை நம்பி இதில் இறங்காதீர்கள். தமிழில் நீங்கள் ‘நீங்க’ என்று அடித்தாலும் ஆப் பெரும்பாலும் நடுவில் இங்கிலீஷுக்குப் போய்த் திரும்பும். அங்கே மரியாதை உதிர்ந்துவிடும், போலிஷில் வந்து சேரும்போது மேனேஜரை ‘நீ’ என்று கூப்பிட்டிருப்பீர்கள்.

வினைச்சொல் இரட்டையாக வரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். புத்தகம் இதைப் பெரிதாக விளக்கும். நம் பக்கத்துப் பேச்சில் ‘பத்த வெச்சிகினு இருந்தேன்’, ‘பத்த வெச்சிட்டேன்’ இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். வேலையைக் கேட்கும்போது ‘ரொபிவெம்’ என்றால் செய்துகொண்டிருந்தேன், முடித்தேனோ இல்லையோ. ‘ஸ்ரொபிவெம்’ என்றால் முடிச்சிட்டேன். இதற்கு மேல் இப்போது வேண்டாம்.

எண்களில் 9-உம் 10-உம், ‘ஜெவியெஞ்ச்’, ‘ஜெஷெஞ்ச்’, காதில் ஒன்றாகவே விழும். 12-உம் 20-உம் அப்படித்தான். அளவு சொல்லும் வேலை என்பதால் தினமும் ஐந்து நிமிஷம் எண் கேட்டுப் பழகுங்கள். மணி சொல்வதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஏழரையை அவர்கள் ‘எட்டுக்கு அரை’ என்பார்கள்: ‘ஃப்பூவ் தொ ஊஸ்மெய்’. அதில் எட்டு மட்டும் உங்கள் காதில் விழும். ஷிஃப்டுக்கு அரை மணி தாமதமாகப் போய் நிற்பீர்கள்.

தொழில் சொற்களை இங்கேயே, உங்கள் கம்பெனியிலேயே பழகலாம். மிக் மெஷின் அங்கே ‘மிகொமாத்’, ராடு ‘எலெக்த்ரொதா’, வயர் ‘த்ரூத்’, கேஸ் சிலிண்டர் ‘பூத்லா’, வெல்டிங் ஹெல்மெட் ‘ப்ஷிவ்பித்ஸா’, ஆங்கிள் கிரைண்டர் பேச்சில் ‘கொந்தூஃப்கா’. கருவியை எடுக்கும்போதெல்லாம் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் கிண்டல் செய்தால் செய்யட்டும். ‘உவாகா!’ என்று யாராவது கத்தினால் ‘பார்த்து!’ என்று பொருள். அந்தச் சொல்லுக்கு மட்டும் உடம்பு தானாக நிற்க வேண்டும், யோசிக்க நேரம் இருக்காது. போனதும் முதலில் உட்கார வைப்பது ‘பெ-ஹா-பெ’ என்ற பாதுகாப்புப் பயிற்சியில். அவசர எண் 112.

படிக்கிற நேரத்தை இப்படி வைத்துக்கொள்ளலாம். காலையில் அரை மணி வாய்விட்டு. பாலாற்றுப் பாலம் தாண்டி வேலைக்குப் போகிற பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு, புரிகிறதோ இல்லையோ, போலிஷ் பேச்சு. இரவில் அரை மணி எழுதி. போன் கீபோர்டில் போலிஷைச் சேர்த்துவிட்டு, எழுத்தை அழுத்திப் பிடித்தால் வால், கோடு எல்லாம் கிடைக்கும். டுவோலிங்கோ மாதிரி ஆப்பை வைத்திருங்கள், ஆனால் அது இங்கிலீஷ் வழியாகத்தான் போகும் என்பதால் அதையே பாடமாக நம்ப வேண்டாம். புத்தகம் வாங்கினால், வெளிநாட்டவருக்காகப் படங்களோடு முழுக்க முழுக்கப் போலிஷிலேயே எழுதப்பட்ட பாடநூல்கள் கிடைக்கின்றன, உங்களுக்கு அவைதான் சரி. அங்கே போன பிறகு, நம் ஊர்ப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிடுங்கள், ஆனால் வேலை நேரத்திலும் அவர்களோடு மட்டுமே ஒட்டிக்கொண்டிருந்தால் வருஷம் ஓடும், மொழி வராது.

நம்மால் ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். எதிர்த்திசையில் வந்தவர் ஒருவரைச் சொல்கிறேன். வாண்டா தினொவ்ஸ்கா என்ற போலந்துப் பெண்மணி, அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த திருவண்ணாமலையில் ரமணரிடம் வந்து சேர்ந்தார். இங்கே உமாதேவி என்று அழைக்கப்பட்டார். 1944-இல் சென்னையில், போலந்திலிருந்து வந்த பொறியாளர் மௌரிசி ஃப்ரிட்மனோடு சேர்ந்து போலிஷ்-இந்திய நூலகம் என்ற பதிப்பகம் தொடங்கி, நம் நாட்டு நூல்களைப் போலிஷில் கொண்டுவந்தார். வர்ஷாவா பல்கலைக்கழகத்தில் இன்றும் தமிழ் கற்பிக்கிறார்கள். நம் ல, ள, ழ-வோடு அங்கே மாணவர்கள் படுகிற பாட்டைக் கேட்டால், அவர்களுடைய இரண்டு ஷ உங்களுக்கு லேசாகிவிடும்.

கடைசியாக ஏஜென்ட். அரசு அங்கீகாரம் பெற்ற போலிஷ் சான்றிதழ் என்றால், போலந்து அரசின் ஆணையம் வகுத்த தேர்வை எழுதித் தேறினால் கிடைப்பது. கோர்ஸ் முடித்ததற்கு ஒரு நிறுவனம் அச்சடித்துக் கொடுக்கிற காகிதம் அதற்கு ஈடாகாது. பின்னாளில் அங்கே நீண்டகாலக் குடியிருப்பு அனுமதிக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிப்பதாக இருந்தால் பி-1 என்ற நிலைச் சான்று தேவைப்படும், அது சில வருஷம் கழித்து வரும் கதை. உங்கள் வேலைக்குச் சான்றிதழ் அவசியமா என்று கம்பெனியிடமே எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் பதில் வராத எதற்கும் பணம் கட்டாதீர்கள்.

அந்தப் பணத்தைவிட ஒப்பந்தத்தில் கவனம் வையுங்கள். போலிஷ் பிரதியையும் கேட்டு வாங்கி, தலைப்பை நீங்களே எழுத்துக் கூட்டி வாசியுங்கள். ‘உமொவா ஒ ப்ராத்ஸெ’ என்றிருந்தால் தொழிலாளர் சட்டப்படியான வேலை ஒப்பந்தம், பணி அனுபவத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 20 அல்லது 26 நாள் சம்பள விடுப்பு உண்டு. ‘உமொவா ஸ்லெத்ஸெஞா’ என்றிருந்தால் அது வேறு வகை, அந்தச் சட்டம் தரும் விடுப்பு அதில் தானாக வராது. சம்பளத் தொகைக்குப் பக்கத்தில் ‘ப்ருத்தொ’ என்று இருக்கிறதா ‘நெத்தொ’ என்று இருக்கிறதா பாருங்கள். ப்ருத்தொ என்றால் பிடித்தம் போவதற்கு முந்தைய தொகை, கைக்கு வருவது நெத்தொ. ஏஜென்ட் வாயால் சொன்ன தொகை இரண்டில் எது என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.